மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற பிரயாணப் பை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 33 கிலோமீற்றர்; கீரிமலை அதனினும் சமீபம்; பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைவதற்கும் ஒரு மணி நேரமளவு போதும். ஓரிரவு ஈரிரவு தங்கித் திரும்பும் இத்தகைய சிறு பிரயாணங்களுக்கு மோட்டார் சைக்கிளைப் போலச் சௌகரியமான வாகனம் வேறில்லை. ஆயினும், கடையில் பையின் நிறத்தையும் கொள்ளளவையும் பார்த்து வாங்குகிறவர்கள், அது வண்டியின் எந்த இடத்தில் அமரப்போகிறது என்பதை வீட்டுக்கு வந்த பின்னரே யோசிக்கிறார்கள். முதலில் நிச்சயிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

இரண்டு சில்லுகளின் மேல் ஓடும் வண்டி வளைவுதோறும் சாய்ந்தே திரும்ப வேண்டியதாகையால், பாரம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதும் ஓட்டத்தின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது. பின்சில்லின் அச்சுக்கு அப்பால், கரியரின் நுனியில் கட்டிய பத்துக் கிலோகிராம், நெம்புகோல் தத்துவப்படி முன்சில்லின் மீதுள்ள பாரத்தைக் குறைப்பதனால், ஹாண்டில் பிடிமானமின்றி இலேசாகிவிடுகிறது. சோழகம் பலக்கும் ஆனி, ஆடி மாதங்களில், இருமருங்கும் கடலாய்க் கிடக்கும் பொன்னாலை–காரைநகர் வீதியில் அவ்வாறு செல்பவர், காற்று மோதும்போதெல்லாம் வண்டி விலகுவதைக் கையிலே உணர்வார். அதே பையை ஆசனத்தின் மேல், முதுகோடு அணைந்தாற்போலக் கட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே புலப்படும். முதுகிலேயே பையை மாட்டிக்கொள்வதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். பாரம் உயரே ஏறுவதோடு, விழ நேர்ந்தால் பைக்குள் இருக்கும் கடினமான பொருள் முள்ளந்தண்டையே தாக்கும்.

ஹாண்டிலில் தொங்கவிடும் வழக்கமும் நம்மிடையே வெகு பழையது. சந்தையிலிருந்து மீனும் மரக்கறியும் கொண்டுவரப் பனையோலை உமலைப் போலக் காற்றோட்டமான, பாரமற்ற சாதனம் வேறெதுவுமில்லை. சைக்கிளின் வேகத்துக்கு அது பொருந்தியது. மோட்டாரின் வேகத்திலோ, ஹாண்டிலோடு சேர்ந்தாடும் எந்தப் பையும் திருப்பத்தைத் தானே தீர்மானிக்க முற்படும்.

பாரம் சுமப்பதற்கென்றே ஆராய்ந்து அமைத்த ஒரு வண்டியை நம்மவர் நன்கறிவர். ஜப்பானியத் தபாற்காரருக்காக ஹொண்டா நிறுவனம் 1971இல் உருவாக்கியதும், பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வெகுவாக ஓடியதுமான எம்.டி. 90, கடிதப் பொதியை முன்னும் பின்னுமாகப் பகிர்ந்து ஏந்தும்படி செய்யப்பட்டது. ஏனைய சாதாரண வண்டிகளின் கரியர்களோ சில கிலோகிராமுக்கு மேல் தாங்கும்படி அமைந்தவையல்ல. எல்லை எவ்வளவு என்பது வண்டியோடு வரும் கைநூலில் இருக்கும்.

பின்னால் ஒருவர் அமர்ந்து வருவதே நம்மூர் வழக்கமாகையால், பலருக்கு ஆசனத்தில் இடமிராது. அப்போது துணை செய்வது, பொதிமாட்டின் முதுகில் இருபுறமும் சமமாகத் தொங்கிய பொதியின் முறையில் அமைந்த பக்கப் பைகள். இவற்றை வாங்குமுன் வண்டியின் வலப்புறத்தைக் குனிந்து பார்ப்பது அவசியம்: பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் அப்பக்கத்திலேயே இருப்பதனால், சற்றுத் தாழ்ந்து தொங்கும் நைலோன் பை உருகிப் பொத்தலாகிவிடும். இந்தியாவிலிருந்து வரும் வண்டிகளின் இடப்புறத்தில் சேலை சிக்காதிருக்கப் பொருத்திய கம்பித் தடுப்பு பையையும் சில்லிலிருந்து காக்கும். வலப்புறத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லையாதலால், அங்கே ஒரு தாங்கு கம்பியைப் பொருத்துவித்தல் நன்று.

அடுத்து மழை. குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்துவிடுகிறது. துணி எத்துணை உயர்ந்ததாயினும், ஊசி சென்ற ஒவ்வொரு துளையும் நீருக்கு வாசலாகும். ஆகவே பையின் உட்புறத்தை வெளியே திருப்பி, தையலின் மீது ஒட்டுநாடா படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதனினும் சிறந்தது, பி.வி.சி. பூசிய துணியை வெப்பத்தால் ஒட்டி, வாயை மூன்று முறை சுருட்டிக் கொளுவும்படி செய்த பை. சிப் வைத்த பையாயின் பிளாஸ்டிக் பற்களே நல்லவை. உலோகப் பற்களை உப்புக் காற்று விரைவில் அரித்துவிடும்.

கடினமான பெட்டிகள் பூட்டுக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றவையெனினும், நமது பிரதேசத்துக்கு நான் விரும்புவது தோள்பட்டி உள்ள, 20 முதல் 30 லீற்றர் கொள்ளும் மென்மையான ஒற்றைப் பையையே. நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகிறவர் குறிகட்டுவானில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகேற வேண்டியிருப்பதால், நான்கு பக்கிள்களைக் கழற்றியதும் தோளில் ஏறக்கூடிய பை அங்கே பெரும் உபகாரமாகும். ஓரிரவுக்கு ஒருவருக்கு வேண்டிய உடுப்பும் மருந்தும் மழையங்கியும் அதில் தாராளமாக அடங்கும்.

பையைக் கட்டுவதற்குப் பழைய ரியூப்பை வெட்டிய நாடாவையே பலர் நாடுகின்றனர். இழுபடும் பொருள், வண்டி குழியில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்குவதனால், அந்த இடைவெளியில் பை சிறிது சிறிதாக ஒருபுறம் நகர்ந்துவிடுகிறது. இழுபடாத நெய்த பட்டியும் பக்கிளுமே நம்பத்தக்கவை. புறப்பட்ட சிறிது தூரத்துக்குள் உள்ளிருக்கும் துணிகள் அமிழ்ந்து கட்டுத் தளர்வது இயல்பாகையால், பண்ணைப் பாலத்தில் ஏறுமுன் கோட்டையருகே வண்டியை நிறுத்தி மீண்டும் இறுக்கிக்கொள்ள வேண்டும். மிஞ்சித் தொங்கும் பட்டி நுனிகளைச் சுருட்டிச் செருகுவதும் அப்போதே செய்யவேண்டிய வேலை, ஏனெனில் சங்கிலியிலும் பின்சில்லிலும் முதலில் சிக்குவது அந்த நுனிதான்.