பாக்டீரியாவுக்கும் தலை எண்ணத் தெரியும், தெரியுமா?

மூட்டையில் ஒரே ஒரு உருளைக்கிழங்கு அழுகினாலும் வீடே நாறுகிறதே! அதை அழுக வைக்கிற பாக்டீரியா, கிழங்கில் கைவைப்பதற்கு முன் 'ஆள் சேர்ந்துவிட்டதா?' என்று கணக்குப் பார்க்கிறது, தெரியுமா?

அதன் பெயர் பெக்டோபாக்டீரியம். மென்னழுகல் நோய் அதன் கைவரிசைதான். கிழங்கின் செல் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்க அதனால் முடியும். ஆனாலும் கூட்டம் சிறிதாக இருக்கும்வரை அடக்கியே வாசிக்கும். ஏனென்றால், உடைந்த சுவரின் துணுக்குகளே செடிக்கு அபாய மணி! அவசரப்பட்டால் செடி விழித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சின்ன மூலக்கூறைக் கசியவிட்டபடி காத்திருக்கிறது. கூட்டம் பெருகப் பெருக அந்த மூலக்கூறின் செறிவும் ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் அத்தனையும் சேர்ந்து நொதிகளைக் கொட்டும். கெட்டியாக இருந்த கிழங்கு, விரல் பட்டாலே கூழ்! இந்த வித்தைக்கு 1994-ல் வைத்த பெயர் 'கோரம் சென்சிங்'.

இந்தப் பேச்சை அறுக்க முடியுமா? முடியும்! அந்த மூலக்கூறை உடைக்கிற நொதி மண்ணில் வாழும் பேசில்லஸ் பாக்டீரியாவிடம் இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவை உருளைக்கிழங்கிலும் புகையிலையிலும் சேர்த்தார்கள் சிங்கப்பூர் ஆய்வாளர்கள். 2001-ல் முடிவு வெளியானது. செடிகள் நோயைத் தாங்கி நின்றன. கிருமியைக் கொல்லவே இல்லை, தகவலை மட்டும்தான் துண்டித்தார்கள்!

அதே ஆண்டு இன்னொரு குழு நேர் எதிராக, அந்த மூலக்கூறைத் தானே தயாரிக்கும் புகையிலையை உருவாக்கியது. அதுவும் நோயை எதிர்த்தது! ஆனால் உருளைக்கிழங்கில் இதே வித்தை பலிக்கவில்லை. நோய் கூடித்தான் போனது.

கலிஃபோர்னியாவின் திராட்சைக் கொடிகளைக் காயவைக்கும் சைலெல்லா என்ற பாக்டீரியா இன்னும் விசித்திரம். கூட்டம் பெருகினால் இது அடங்கிப்போகிறது! அதற்கான சமிக்ஞையைத் தயாரிக்க முடியாத சைலெல்லாதான் கொடியை அதிகமாகத் தாக்குகிறது.

தக்காளி, கத்தரியை வாட்டும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவோ, பெக்டோபாக்டீரியத்தைப் போலவே ஆள் சேர்ந்த பிறகே பசையை ஏராளமாகச் சுரந்து, தண்டின் நீர்க்குழாய்களை அடைக்கிறது. உங்கள் தோட்டத்தில் பச்சையாக இருக்கும்போதே ஒரு தக்காளிச் செடி துவண்டால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் நீரில் நுனி படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல்தான். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதே இடத்தில் உடனே தக்காளியோ கத்தரியோ நடாதீர்கள்.