0/20

மைன்கிராஃப்ட் விளையாட்டில் சொந்தமாக சர்வர் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது 0/20 என்ற எண். இருபது பேருக்கு இடம் உண்டு, உள்ளே ஒருவரும் இல்லை. இலை போட்டாயிற்று, சர்வரும் தயார், பந்திக்குத்தான் ஆளைக் காணோம்.

இந்த விளையாட்டின் ஜாவா பதிப்பில் எல்லா சர்வர்களையும் காட்டும் அதிகாரப்பூர்வப் பட்டியல் கிடையாது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு சர்வரும் 'மாஸ்டர் சர்வர்' என்ற தலைமைக் கணினியிடம் தன் பெயரைப் பதிந்துகொள்ளும். தேடுபவருக்குப் பட்டியல் அங்கிருந்து வரும். மைன்கிராஃப்டில் முகவரி தெரிந்தவர்தான் உள்ளே போக முடியும். அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு முளைத்தவைதான் தனியார் நடத்தும் சர்வர் பட்டியல்கள்.

பட்டியலில் ஏறினாலும் சர்வருக்குக் கிடைப்பது ஒரு சின்னக் கடைப்பலகை அளவு இடம். மைன்கிராஃப்டின் திரையிலும் அப்படித்தான்: 64-க்கு 64 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரப் படம், இரண்டு வரி விளம்பரம், ஆள் எண்ணிக்கை. விளம்பர வரியை எழுதும் இடம் அமைப்புக் கோப்பில் 'எம்ஓடிடி' என்று தொடங்கும் வரி. அதை மாற்றாமல் விட்டால் 'ஒரு மைன்கிராஃப்ட் சர்வர்' என்ற பொருளில் ஆங்கில வாசகம் அப்படியே தொங்கும். பெயர்ப்பலகையில் 'கடை' என்று மட்டும் எழுதிய கடை மாதிரி.

அந்தத் திரையைத் திறந்ததும், முகவரி சேர்த்து வைத்த ஒவ்வொரு சர்வரிடமும் ஆட்டக்காரரின் கணினி நலம் விசாரிக்கும். எந்தப் பதிப்பு, எத்தனை பேர், என்ன வாசகம் என்று சர்வர் பதில் அனுப்பும். வேடிக்கை என்னவென்றால், ஆள் கணக்கைச் சொல்வது அந்த சர்வரேதான். பத்துப் பேரை நூறாக்கிச் சொல்லவும் வழி இருக்கிறது, சொல்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பட்டியலில் மேலே ஏற ஓட்டு வேண்டும். ஓட்டு விழுந்ததும் பட்டியல் தளம் ஓட்டுப் போட்டவரின் விளையாட்டுப் பெயரை சர்வருக்குத் தெரிவிக்கும். 'வோட்டிஃபையர்' என்ற துணைநிரல் அதை வாங்கிக்கொள்ள, அவர் பைக்குள் வைரமோ பரிசுப்பெட்டிச் சாவியோ வந்து விழும். ஓட்டுக்குப் பரிசு என்றால் நமக்குப் புதிதா என்ன? ஆனால், காசு வாங்கிக்கொண்டு வலிமையான வாளை விற்க மட்டும் அனுமதி இல்லை. ஆட்டத்தில் ஆதாயம் தரும் எதையும் நிஜப் பணத்துக்கு விற்கக் கூடாது, அலங்காரப் பொருட்களை விற்கலாம் என்று 2014-ல் மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் தெளிவுபடுத்தியது.

போட்டி சர்வரைத் தாக்கி முடக்குவதும் இந்தத் தொழிலின் அழுக்குப் பக்கம். 2016-ல் இணையத்தை உலுக்கிய 'மிராய்' நிரலை எழுதிய அமெரிக்க இளைஞர்கள் மைன்கிராஃப்ட் சர்வர்களையும் குறிவைத்தவர்கள்தான்.

பட்டியலை நம்பாமல் வளர்ந்தவர்களும் உண்டு. 2013-ல் தொடங்கிய ஹைபிக்ஸல் சர்வரை நடத்தியவர்கள், அதற்கு முன்பே சாகச வரைபடங்கள் செய்து பெயர் வாங்கியவர்கள். ரசிகர்கள் பின்னாலேயே வந்தார்கள். 2021 ஏப்ரலில் அங்கே ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாடினார்கள்.

2010-ல் தொடங்கிய '2பி2டி' இதற்கு நேர்மாறு. விதிகளே இல்லாத அந்த சர்வரில் கொஞ்சப் பேர் தங்கள் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். 2016-ல் பிரபல யூடியூபர் ஒருவர் அங்கே விளையாடி வீடியோ போட, ஆயிரக்கணக்கானோர் படையெடுத்தார்கள். உள்ளே நுழைய வரிசை வைக்க வேண்டியதாயிற்று. பழைய ஆட்கள் வரவேற்றார்களா? கூட்டு சேர்ந்து, வந்தவர்களை வேட்டையாடினார்கள்.