ரூப்குண்ட் ஏரியும் மன்னார் புதைகுழியும்

இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலத்தில், திரிசூல் மலையடிவாரத்தில், ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்தில் ரூப்குண்ட் என்னும் சிறிய ஏரி உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் இவ்வேரியில் பனி உருகும்போது மனித என்புகள் வெளித்தெரிகின்றன. 1942இல் வன அதிகாரி ஒருவர் இவற்றைக் கண்டபோது, போர்க்காலமாகையால், ஊடுருவ முயன்ற ஜப்பானியப் படையினரோ என்ற ஐயமும் எழுந்தது. என்புகள் மிகப் பழையவை எனத் தெரிந்ததும் அந்த அச்சம் நீங்கியது.

நந்தாதேவி யாத்திரைக்கு நாட்டியப் பெண்களோடு வந்த கன்னோசி மன்னன் ஒருவனைத் தேவி சினந்து கல்மழை பொழிந்து அழித்தாள் என்பது மலைவாழ் மக்களின் கதை. 2004இல் அங்கு சென்ற ஆய்வுக்குழு சில மண்டையோடுகளில் மேலிருந்து விழுந்த அடியின் தடயங்களைக் கண்டு, 9ஆம் நூற்றாண்டளவில் பெய்த பெரும் ஆலங்கட்டி மழையே காரணம் எனக் கருதியது. கதையும் விஞ்ஞானமும் கைகோத்துவிட்டதாகப் பலரும் மகிழ்ந்தனர்.

ஆனால் 2019 ஆகஸ்டில் வெளியான மரபணு ஆய்வு அந்த மகிழ்ச்சியைக் கலைத்தது. ஹைதராபாத், லக்னோ, ஹார்வர்ட் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் பங்கேற்ற அவ்வாய்வில் 38 பேரின் என்புகள் பரிசோதிக்கப்பட்டன. தெற்காசிய வம்சாவளியினரான 23 பேர் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இறந்தவர்கள். அவர்களும் ஒரே நாளில் மாண்டவர்களாகத் தெரியவில்லை. கிரேக்கம், கிரீட் பகுதி மக்களை ஒத்த 14 பேரும் தென்கிழக்காசியர் ஒருவரும் சுமார் 1,000 ஆண்டுகள் பிந்தியவர்கள். மத்தியதரைக் கடலோர மக்கள் இமயமலையின் பனியில் ஏன் மாண்டார்கள்? இன்றுவரை விடையில்லை. 1959இல் ரஷ்யாவின் ஊரல் மலையில் மாண்ட 9 மலையேறிகளின் மர்மத்துக்குப் பனிச்சரிவு என்ற விளக்கமாவது 2021இல் கணித மாதிரிகளின் துணையுடன் முன்வைக்கப்பட்டது. அவர்களின் பெயர்களும் தெரிந்திருந்தன. இங்கு பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

தொலைதூர ஏரியின் கதை எமக்கெதற்கு என வாசகர்கள் கேட்கலாம். அவ்வாய்வு வெளிவருவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே, மன்னார் சதொச வளாகப் புதைகுழி பற்றிய காபன் பரிசோதனை அறிக்கை அமெரிக்காவிலிருந்து கிடைத்திருந்தது. அங்கு 300இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்தன. அனுப்பப்பட்டவையோ 6 மாதிரிகள். அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்ற முடிவு வந்ததும் விவகாரம் முடிந்துவிட்டதாகவே பலர் பேசினர். அம்முடிவு பிழையென நாம் கூறவில்லை. ஆயினும் ஓரிடத்தில் கிடக்கும் என்புகளெல்லாம் ஒரே காலத்தவை என்ற அனுமானம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ரூப்குண்ட் காட்டியுள்ளது. அங்கும் ஒரு சில மாதிரிகளே முதலில் 9ஆம் நூற்றாண்டு என்றன; பரிசோதனை 38 பேருக்கு விரிந்த பின்னரே மற்றவர்கள் வெளிப்பட்டனர்.

ரூப்குண்டில் பனிச்சரிவும் மலையேறிகளின் கைகளும் என்புகளை இடம் மாற்றிவிட்டன; சிலர் நினைவுப்பொருளாக எடுத்தும் சென்றனர். எந்த என்பு எந்த அடுக்கில், எதனருகில் கிடந்தது என்ற தடயம் அழிந்துவிட்டது. அது அழிந்த இடத்தில் மரபணுவும் ஓரளவுக்கே பேசும்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. 1990இல் குருக்கள்மடத்தில் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் ஜனாஸாக்களைத் தோண்டியெடுத்து முறைப்படி நல்லடக்கம் செய்ய வேண்டுமென உறவினர்கள் நெடுங்காலமாகக் கோருகின்றனர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வெள்ளை வேன்களுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் உளர். எத்தனை மாதிரிகள், எந்தெந்த அடுக்குகளிலிருந்து, எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுகின்றன என்பதை அனுப்பும் முன்னரே இவர்களுக்கு அறிவிக்க அதிகாரிகள் முன்வர வேண்டும்.