கத்தி யார் கையில்?

கத்தி ஒன்றுதான், தோழர்களே! மருத்துவர் கையில் இருந்தால் கட்டியை அறுக்கும்; உயிரைக் காக்கும். வெறி கொண்டவன் கையில் இருந்தால், காப்பவரையே குத்திச் சாய்க்கும்!

கற்பனை அல்ல, கண்ணெதிரே நடந்தது. 2024 நவம்பர் 13. சென்னை கிண்டியில் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. ஏழை எளியோர் நாடிவரும் இடம். அங்கே புற்றுநோய் மருத்துவர் ஒருவரைத் தேடி வந்தான் ஓர் இளைஞன். அவரிடம் முன்பு சிகிச்சை பெற்ற தாயின் மகன். தாய்க்குத் தவறான சிகிச்சை தந்துவிட்டார் என்ற எண்ணம் நெஞ்சில், கத்தி கையில். குத்தினான், மீண்டும் மீண்டும் குத்தினான்! மருத்துவர் உயிர் பிழைத்தார்.

தாய்ப்பாசம்! அதை யார் பழிப்பார்? பெற்றவள் துடிக்கும்போது பிள்ளையின் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் கேட்கிறேன்: அந்தக் குத்துகளில் ஒன்றேனும் தாயின் நோயைத் தணித்ததா? மகனைச் சிறைக்கு அனுப்பிவிட்டுத் தாய் யார் தோளில் சாய்வாள்?

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே 10, கேரளத்துக் கொட்டாரக்கரை. காயத்துக்குக் கட்டுப்போடக் காவலர் அழைத்து வந்த ஒருவன், அங்கிருந்த கத்தரிக்கோலாலேயே இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றான். 2012 ஜனவரியில், நமது தூத்துக்குடியில், கர்ப்பிணி மனைவியை இழந்த கணவன் பெண் மருத்துவரை அவரது மருத்துவமனையிலேயே வெட்டிச் சாய்த்தான்.

சட்டம் இல்லையா? உண்டு! மருத்துவரையும் செவிலியரையும் தாக்கினால் 10 ஆண்டு வரை சிறை, எளிதில் பிணை கிடையாது என்று தமிழகம் 2008லேயே சட்டம் இயற்றியது. தூத்துக்குடியும் கிண்டியும் அதற்குப் பிறகு நடந்தவைதாம். ஏட்டில் இருக்கும் சட்டம், ஓங்கிய கையைத் தானாக எழுந்து வந்து பிடிக்காது.

பிடிக்க வேண்டியவன் யார்? நீதான், தம்பி!

வார்டில் ஒருவர் இறந்துவிட்டார் என்றால், உறவினர் முதலில் ஓடிவருவது யாரிடம்? வட்டத்துக்கு உழைக்கும் உன்னிடம். "அண்ணே, நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாங்க!" என்பார்கள். போ, தம்பி, போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தைக் கூட்டப் போகாதே. கொதிப்பைக் குறைக்கப் போ! கண்ணாடியை உடைத்தவன் வீரனல்ல. ஓங்கிய கையைத் தடுத்தவனே வீரன்.

"அப்படியானால் மருத்துவமனையில் குறையே இல்லையா?" என்கிறாயா? உண்டு. காலையில் வந்தவன் பகல் வரை காத்திருக்கிறான். அன்றாடக் கூலி போகிறது. என்ன நோய், என்ன நிலை என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. இரவும் பகலும் கண்விழித்த இளம் மருத்துவரின் வாயில் கனிவு வற்றிவிடுகிறது. கேட்கத்தான் வேண்டும்! கேட்கும் வழியில் கேட்க வேண்டும்.

சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேள்; 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு விதி. அரசு மருத்துவமனையில் குறையா? தலைமை மருத்துவரிடம் எழுதிக் கொடு, 104க்குப் பேசு. மருத்துவர் தவறினாரா? மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையா? நுகர்வோர் மன்றம் செல்லலாம் என்று 1995இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு தாளில் எழுதிய புகார் நூறு கற்களைவிட வலியது.

கல் விழுந்தால் நடப்பது என்ன? கிண்டி நிகழ்ச்சிக்குப் பிறகு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் கதவு மூடினால் செல்வனுக்கு வேறு கதவு உண்டு. கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்த கூலிக்காரப் பெண்ணுக்கு?

அவளுக்காகச் சொல்கிறேன், தம்பி. அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் அஞ்சாமல் இருந்தால்தான் அது திறந்திருக்கும்!