உதைத்துக் கிளப்பிய ஊர், பொத்தானை நம்பும் ஊர்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் பாரிவாக்கம் ஏரியும் வயலுமாக இருந்த நாட்களில், ஊருக்குள் மோட்டார் சைக்கிள் யார் யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் கேட்கும் சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்லிவிடுவார்கள். படபடவென்று அடித்தால் டேங்க் ஃபேக்டரிக்குப் போகிறவரின் புல்லட். பால் கேன்கள் உரசும் சத்தத்தோடு வந்தால் ராஜ்தூத். மற்றவர்களுக்கு சைக்கிளும் பேருந்தும்தான். இன்று ஏரியைச் சுற்றி மனைப்பிரிவுகள் வந்துவிட்டன. அம்பத்தூர் எஸ்டேட், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் என்று வேலைக்குப் போகிறவர்களின் இருசக்கர வாகனங்கள் காலை ஏழு மணிக்கே பாரிவாக்கம் சந்திப்பில் அடைத்து நிற்கின்றன. ஒரு வீட்டில் இரண்டு வண்டி என்பது சாதாரணம்.

வண்டி பெருகியதை எல்லோரும் பார்க்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் பேட்டரியின் நிலை தலைகீழாக மாறியதை, காலையில் செல்ஃப் எடுக்காத அன்றுதான் கவனிக்கிறார்கள்.

அந்தக் கால வண்டிக்கு பேட்டரி ஒரு துணைதான். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-க்கு பேட்டரியே தேவைப்படவில்லை. இன்ஜினோடு சுற்றும் மேக்னெட்டோவே பொறியும் தந்தது, விளக்கும் தந்தது. பழைய பஜாஜ் ஸ்கூட்டர்கள் பலவும் அப்படித்தான். ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் ஹெட்லைட் மங்கும், முறுக்கினால் பளிச்சென்று எரியும். இருட்டில் பள்ளம் வந்தால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கியே வெளிச்சம் வரவழைப்பார்கள்.

புல்லட் கதை வேறு. திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா தயாரித்த அந்த வண்டிக்குப் பொறி பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் ஹெட்லைட்டின் தலையில் ஒரு அம்மீட்டர் வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்குவார். முள் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். அந்த இடத்தில் டீகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு பிடி இறக்கி, கிக்கரை மேலே விட்டு ஓங்கி ஒரு உதை. முள் நகரவே இல்லை என்றால் பேட்டரி உட்கார்ந்துவிட்டது என்று உதைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பேட்டரியின் நாடி தினமும் கண்ணெதிரே இருந்தது.

ஆறு வோல்ட் பேட்டரிக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், வெளிறிய பெட்டியில் மேல் கோடும் கீழ் கோடும் தெரியும். தண்ணீர் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஆனால் போர்வெல் தண்ணீரை ஊற்றக் கூடாது, அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கச் சோம்பல்பட்டவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றியதும் உண்டு. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் விட்டுக் கழுவி, வாசலின் தடவ வேண்டும்.

"அண்ணே, ஹாரன் இருமுது" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், மெக்கானிக் முதலில் கேட்பது, "தண்ணி பாத்தியாப்பா?" என்பதுதான்.

அதற்கும் மிஞ்சினால் பேட்டரி கடை. மரப்பலகை மேல் வரிசையாக வைத்த பேட்டரிகள், அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் வயர்கள், இரைந்துகொண்டே இருக்கும் சார்ஜர், மூக்கைத் துளைக்கும் ஆசிட் நெடி. கடைக்காரர் ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை எந்த அளவில் நிற்கிறது என்று பார்ப்பார். 1.26-க்கு மேல் நின்றால் முழு சார்ஜ். ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் செல் போய்விட்டது. "ராத்திரி பூரா போடணும், நாளைக்கு வா" என்பார். அதற்காக எல்லா வண்டியும் நின்றுவிடாது. மேக்னெட்டோ வண்டியை உதைத்துக் கிளப்பலாம். புல்லட்டையும், பேட்டரியைக் கடையில் கொடுப்பதற்கு முன்புவரை, நாலு பேர் தள்ளினால், கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும் பேட்டரியோடு பிடித்துக்கொள்ளும்.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1984-இல் கைனடிக் ஹோண்டா பொத்தானை அமுக்கினால் கிளம்பும் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. 2001-இல் வந்த ஆக்டிவா அந்தப் பழக்கத்தை வீடுதோறும் சேர்த்தது. பன்னிரண்டு வோல்ட், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் செய்த பேட்டரி என்று பெட்டி மாறியது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்ப்புரேட்டர் போய், பெட்ரோலைப் பம்ப் செய்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வந்தது. பம்ப், சென்சார், கணினிப் பெட்டி எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். 2021-இல் வந்த புது கிளாசிக் 350-இல் கிக்கரே இல்லை. தள்ளிக் கிளப்பலாம் என்றால், பேட்டரி அடியோடு காலியான இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப்பே ஓடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளுவதில் பயனே இல்லை.

ஆக, பேட்டரி இல்லாமலும் பல வண்டிகள் ஓடிய நாளில் மாதாமாதம் அதைக் கவனித்தோம். அது இல்லாமல் நகராது என்று ஆன பிறகு, திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பனி நாடுகளில் இந்த அலட்சியத்துக்கு இடமில்லை. டொராண்டோவில் இருக்கும் நம்மவர் ஒருவர் பைக் வைத்திருந்தால், நவம்பரில் அதை மூடி வைத்துவிட்டு ஏப்ரலில்தான் எடுப்பார். மூடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், சார்ஜ் நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் சிறு சார்ஜரில் மாட்டிவிடுவார். காரணம் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் ஈய-அமில பேட்டரி பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியிலும் உறையாது. காலியான பேட்டரியில் ஆசிட் நீர்த்துப்போவதால் மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறைந்து, பெட்டி வெடித்துவிடும். அங்கே குளிர்காலமே வந்து நினைவூட்டிவிடுகிறது.

பாரிவாக்கத்தில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும். இங்கே எமன் வெயில். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால், சும்மா நிற்கும் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இறங்கிய பேட்டரியின் ஈயத் தகடுகளில் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. குளிர் பேட்டரியை முடக்கிப்போடும், சூடு அதன் ஆயுளையே தின்னும்.

வண்டி நிறுத்திவைப்பது நம் ஊரிலும் குறைவில்லை. ஆவடி சிஆர்பிஎஃப் முகாமைச் சேர்ந்தவர் காஷ்மீருக்கு மாற்றலாகிப் போகிறார். பக்கத்துத் தெருப் பையன் துபாய்க்குப் போகிறான். வெள்ளம் வந்தால் நாட்கணக்கில் வண்டி நிற்கும். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில், உச்சி வெயில் காலத்தில், ஊரே ஒன்றாக வண்டியை நிறுத்தியது. ஊரடங்கு தளர்ந்ததும் பொத்தானை அமுக்கியவர்கள் பலருக்கு டிக் டிக் சத்தம் மட்டும்தான் கிடைத்தது. இதற்கென்று ஒரு பருவம் இல்லாததால், முன்கூட்டித் தயாராகும் பழக்கமும் நமக்கு வரவில்லை.

மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்களும் விதிவிலக்கல்ல. லித்தியம் பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றி, கோடையில் மாதக்கணக்கில் விட்டால் அதன் திறன் சீக்கிரம் குறையும். நீண்ட நாள் நிறுத்துவதானால் பாதி அளவு சார்ஜில், நிழலில் விடுவது நல்லது.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டுங்கள். வாசலில் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், கிளப்பச் செலவான சார்ஜ்கூடத் திரும்பாது. மொட்டை வெயிலில் நிறுத்தாதீர்கள். வாங்கிப் பொருத்திய ஜிபிஎஸ், அலாரம் போன்றவை வண்டி நிற்கும்போதும் சார்ஜை உறிஞ்சும் என்பதை மறக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள், நெகட்டிவ் வயரை முதலில். மாட்டும்போது அதைக் கடைசியில். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும், கார் சார்ஜரை மாட்டிவிடாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பாமல், முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள்.

செத்த பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல், புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். 2001-இல் வந்த பேட்டரி விதிகள் அதைத் திரும்பப் பெறுவதை விற்பவரின் பொறுப்பாக்கியிருந்தன; கடையில் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். அதிலுள்ள ஈயம் பாரிவாக்கம் ஏரி மண்ணில் கலந்தால், அதை எடுக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது.