பதிப்பு எண்களும் வலையமைப்புத் திட்டமிடலும்

அரசுப் பணிகள் பலவும் இன்று கணினி வலையமைப்பின் வழியே நடைபெறுகின்றன. கர்நாடக மாநில விரிபரப்பு வலையமைப்பு மைசூரு போன்ற மாவட்டத் தலைநகர்களையும், நஞ்சன்கூடு, ஹுணசூரு போன்ற வட்டத் தலைநகர்களையும் பெங்களூருடன் இணைக்கிறது. இத்தகைய அமைப்பில் ஒரு ரூட்டர் செயலிழந்தால், 'பூமி' திட்டத்தின் கீழ் நிலப் பதிவேட்டு நகல் பெற வந்த விவசாயி வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். எனவே, கருவிகளின் மென்பொருளை எப்போது, எந்தப் பதிப்பிற்கு மாற்றுவது என்பதை வல்லுநர்கள் மட்டுமன்றி நிர்வாகிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

எண்ணின் உறுப்புகள்

பதிப்பு எண் தசம எண் அன்று. 17.9 என்பதைக் காட்டிலும் 17.12 பிந்தியது, புள்ளிகளுக்கு இடையே உள்ளவை தனித்தனி முழு எண்களாகும். பொதுவாக, முதல் உறுப்பு மாறினால் அடிப்படை அமைப்பே மாறியுள்ளது எனக் கொள்ளலாம். பழைய கட்டளைகள் சில செல்லாமற் போகலாம். இரண்டாம் உறுப்பு புதிய வசதிகளையும், மூன்றாம் உறுப்பு பிழைத் திருத்தங்களையும் குறிக்கும். ஆயினும் இம்முறை எங்கும் ஒன்றுபோல் இல்லை. ஜூனோஸ் மென்பொருளில் 21.4 என்பது 2021-ஆம் ஆண்டின் நான்காவது வெளியீடு என்றே பொருள்படும்.

ஆதரவுக் காலம்

பெரிய எண்ணே சிறந்தது என்று கருதுவது தவறு. சிஸ்கோ நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. 17-ஆம் வரிசையில் 17.6, 17.9, 17.12 என ஒவ்வொரு மூன்றாவது வெளியீட்டிற்கும் 36 மாத ஆதரவு உண்டு. இடைப்பட்ட 17.10, 17.11 போன்றவற்றிற்குக் கிடைப்பது 12 மாதங்களே. புதியது என்பதற்காக இடைப்பட்ட பதிப்பை ஏற்ற அலுவலகம், ஓராண்டிற்குள் மீண்டும் அதே உழைப்பையும் செலவையும் ஏற்க வேண்டியிருக்கும்.

ஓர் எழுத்தின் மதிப்பு

2023 அக்டோபர் 16 அன்று இதே மென்பொருளில் கடுமையான பாதுகாப்புக் குறைபாடு ஒன்று வெளியிடப்பட்டது. இணையப் பக்கத்தின் வழியே கருவியை நிர்வகிக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், கடவுச்சொல் இன்றியே அயலார் நிர்வாகிக் கணக்கைத் தோற்றுவிக்க முடிந்தது. 17.9.4 பதிப்பில் இக்குறைபாடு இருந்தது, 17.9.4-ஏ பதிப்பில் அது நீக்கப்பட்டது. பாதுகாப்பிற்கும் ஆபத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு ஓரெழுத்தே. பதிப்பை மாற்றிய பின்னரும், முன்பே நுழைந்தோர் உருவாக்கிய கணக்குகள் தாமே மறைவதில்லை. அவற்றைத் தேடி நீக்குதல் வேண்டும்.

திட்டமிடும் முறை

முதற்கண், ஒவ்வொரு கருவியின் வகை, இருப்பிடம், முழுப் பதிப்பு எண், ஆதரவு முடியும் நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். அடுத்து, வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, நினைவகம் போதுமா, இடையில் வேறு பதிப்பை ஏற்ற வேண்டுமா என அறிதல் வேண்டும். ஒரு கருவியில் சோதித்த பின்னரே ஏனையவற்றில், அலுவலக நேரத்திற்கு அப்பால், மாற்றத்தைச் செய்யலாம். பழைய மென்பொருளும் அமைப்புக் கோப்பும் கைவசம் இருந்தால், இடர் நேரும்போது முன்னிலைக்குத் திரும்ப இயலும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'அண்மைப் பதிப்பு' என்று பொதுவாக எழுதாமல், ஆதரவுக் காலத்தையும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கான கால வரம்பையும் குறிப்பிடுவதே பொதுப் பணத்திற்கும் பொதுமக்கள் சேவைக்கும் காப்பாகும்.