காது மலையில் ஒரு வீடு

டிசம்பர் மாதத்தில் குழந்தைகள் பிரிவைச் சுற்றி வரும்போது, "நான் ஆஸ்பத்திரியில் இருப்பது கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை நாங்கள் எதிர்கொள்வதுண்டு. அவர் எங்கே வாழ்கிறார் என்பதைப் பொறுத்தது அதற்கான விடை.

அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட் 1866இல் அவரை வடதுருவத்தில் குடியேற்றினார். நெதர்லாந்தின் சிண்டர்கிளாஸோ ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்திறங்குகிறார். எங்கள் மனத்தைக் கவர்ந்தது பின்லாந்தின் கதை. அந்நாட்டு வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திய மார்கஸ் ரௌடியோ, தாத்தாவின் இல்லம் லாப்லாந்தில், ரஷ்ய எல்லையை ஒட்டிய கொர்வதுந்துரி என்னும் குன்றில் இருப்பதாக 1927இல் அறிவித்தார். வெறும் பனிக்கட்டியான துருவத்தில் பனிமான்கள் எதைத் தின்னும்? லாப்லாந்திலோ அவை விரும்பி மேயும் பாசி வகை ஏராளம். (நம் மசாலாவில் சேரும் கற்பாசிக்கு அது தூரத்து உறவு.)

486 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் பெயருக்குக் 'காது மலை' என்று பொருள். தோற்றமும் காதைப் போன்றதே. ஆகவே எந்த மூலையில் எந்தக் குழந்தை முணுமுணுத்தாலும் தாத்தாவுக்குக் கேட்டுவிடும் என்பார்கள். வீட்டு முகவரியோ படுக்கை எண்ணோ வேண்டியதில்லை.

கேட்கும் குழந்தைக்கு இக்கதையைச் சொல்லுங்கள். அது தாத்தாவிடம் மெல்லச் சொல்வதை அருகிலிருந்து கேளுங்கள். பொம்மையோடு கூடவே ஊசியைப் பற்றிய அச்சமோ, இரவில் மறைத்த வலியோ அதில் வெளிவரலாம். வந்தால், அன்றே எங்களிடமும் தெரிவியுங்கள்.